எந்த மருத்துவமனை என்பதற்கு முன், எந்தச் சட்டம்?

பிள்ளை வேண்டி ஐவிஎஃப் சிகிச்சைக்காக வெளிநாடு போகிறவர்கள் செலவைக் குறைக்கத்தான் போகிறார்கள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு வேறொரு விடையைத் தந்தது. மனித இனப்பெருக்கத்துக்கும் கருவியலுக்குமான ஐரோப்பியச் சங்கம் நடத்திய ஆய்வு அது. பெல்ஜியம், செக் குடியரசு, டென்மார்க், ஸ்லோவேனியா, ஸ்பெயின், சுவிட்சர்லாந்து ஆகிய ஆறு நாடுகளின் 46 மருத்துவமனைகளில், அயல்நாடுகளிலிருந்து வந்த பெண்கள் நிரப்பிக் கொடுத்த 1,230 படிவங்கள் அதற்கு ஆதாரம். ஏன் சொந்த நாட்டை விட்டு வந்தீர்கள் என்ற கேள்விக்கு, ஜெர்மனியிலிருந்து வந்தவர்களில் 80 விழுக்காட்டினர் சட்டத்தைக் காரணமாகச் சொன்னார்கள். நார்வே, இத்தாலி நாடுகளிலிருந்து வந்தவர்களிலும் பத்தில் ஏழு பேர் அதையே சொன்னார்கள். பிரிட்டனிலிருந்து வந்தவர்கள் மாறுபட்டார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் குறிப்பிட்டது, உள்ளூரில் சிகிச்சை கிடைப்பதில் உள்ள சிரமத்தை.

இந்த ஆய்வைப் படித்த பிறகு, வெளிநாட்டு மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பது பற்றிப் பேசும் முறையையே மாற்றிக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. விளம்பரங்கள் விலையையும் வெற்றி விகிதத்தையும் முன்னால் வைக்கின்றன. தம்பதியரும் அவற்றையே ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஆனால், விமானச் சீட்டு எடுக்கும்போதே அவர்கள் ஒரு நாட்டின் சட்டத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறார்கள். கருமுட்டை கொடுத்த பெண் யார் என்று பிள்ளை ஒருநாள் அறிய முடியுமா, கருப்பைக்குள் எத்தனை கரு வைக்கலாம், மிஞ்சிய கருக்கள் எங்கே போகும், இவை அனைத்தையும் முடிவு செய்வது அந்தச் சட்டம்தான். மருத்துவமனை பிடிக்கவில்லை என்றால் அடுத்த முறை வேறொன்றுக்கு மாறிவிடலாம். எந்தச் சட்டத்தின் கீழ் பிள்ளை உருவானதோ, அதைப் பிறகு மாற்ற வழியில்லை.

ஜெர்மனியின் கருப் பாதுகாப்புச் சட்டம் 1990இல் நிறைவேறி, 1991 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. விந்தணு தானத்தை அது தடுக்கவில்லை. கருமுட்டை தானம் மட்டும் குற்றம். முட்டை ஒருத்தியுடையது, சுமப்பவள் இன்னொருத்தி என்று தாய்மை இரண்டாகப் பிரிந்தால் பிள்ளையின் அடையாளம் குழம்பிவிடும் என்பது அன்று முன்வைக்கப்பட்ட வாதம். தண்டனை மருத்துவருக்குத்தான், சிகிச்சை பெறும் பெண்ணுக்கு இல்லை. ஆகவே நாற்பதைக் கடந்த ஜெர்மானியப் பெண்கள் பக்கத்திலிருக்கும் செக் குடியரசுக்குப் போகிறார்கள். இத்தாலியின் கதை இன்னும் கடுமையானது. 2004இல் வந்த 40ஆம் எண் சட்டம் எல்லாவிதத் தானத்தையும் தடை செய்தது. ஒரு முறையில் மூன்று கருக்களுக்கு மேல் உருவாக்கக் கூடாது, உருவானவை அனைத்தையும் உடனே கருப்பையில் வைத்தாக வேண்டும் என்றும் அது விதித்தது. மூன்று கரு வரம்பை 2009இலும் தானத் தடையை 2014இலும் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் நீக்கியது. இடைப்பட்ட பத்தாண்டுகளில் சுவிட்சர்லாந்துக்கும் ஸ்பெயினுக்கும் போன இத்தாலியர்களை ஏதோ உல்லாசப் பயணிகள் போல ‘கருத்தரிப்புச் சுற்றுலா’ என்று எழுதிய பத்திரிகைகள் உண்டு. அந்தச் சொல் நியாயமற்றது. சொந்த நாட்டில் வாசல் அடைக்கப்பட்டதால் போனவர்கள் அவர்கள்.

பிரிட்டனில் கருமுட்டை தானத்துக்குத் தடையில்லை. 1991 முதல் மருத்துவமனைகளுக்கு உரிமம் கொடுத்துச் சோதனை நடத்தும் தனி ஆணையம் இருக்கிறது. 2005 ஏப்ரலுக்குப் பிறகு பதிவு செய்த கொடையாளிகளின் பெயரை, அவர்கள் மூலம் பிறந்த பிள்ளை 18 வயதில் அந்த ஆணையத்திடம் கேட்டுப் பெறலாம். ஸ்வீடன் 1985இலேயே விந்தணு தானத்துக்கு இந்த உரிமையைக் கொடுத்துவிட்டது. பிள்ளையின் பக்கம் நின்று பார்த்தால் நல்ல சட்டம் இது. இன்னொரு பக்கத்தில், பிரிட்டனில் கருமுட்டைக்கான காத்திருப்பு நீள்கிறது. அரசு மருத்துவச் சேவையோ ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. 40 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கு மூன்று முழுச் சுற்றுகள் தர வேண்டும் என்று 2013ஆம் ஆண்டு வழிகாட்டு நெறி பரிந்துரைத்தும், பல வட்டாரங்கள் ஒரே ஒரு சுற்றோடு நிறுத்திக்கொள்கின்றன. வயதோ காத்திருக்காது. சொந்த முட்டையுடன் செய்யும் சிகிச்சையில், வைக்கப்படும் ஒவ்வொரு கருவுக்கும் குழந்தை பிறக்கும் வாய்ப்பு, 35 வயதுக்கு உட்பட்டவர்களிடம் 35 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. 43, 44 வயதில் அது 5 விழுக்காட்டளவுக்கு இறங்கிவிடுகிறது. இளம்பெண்ணின் தான முட்டை என்றால், பெறுபவரின் வயது எதுவானாலும் 30 விழுக்காட்டுக்கு மேல். லண்டன் பெண்ணை மாட்ரிட் விமானத்தில் ஏற்றுவது இந்த எண்கள்தான்.

ஸ்பெயினில் 2006ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டம் தனியாக வாழும் பெண்ணுக்கும், இணைந்து வாழும் இரு பெண்களுக்கும் கதவைத் திறந்துவைத்திருக்கிறது. செக் குடியரசில் அப்படியில்லை. அங்கே ஆணும் பெண்ணும் சேர்ந்து எழுத்தில் கேட்க வேண்டும், பெண் 49 வயதை எட்டியிருக்கக் கூடாது. செலவு குறைவு என்று பிராகாவில் மருத்துவமனை தேடும் தனிப்பெண், எவ்வளவு நல்ல மருத்துவமனையைக் கண்டுபிடித்தாலும் வாசலிலேயே திரும்ப வேண்டியதுதான். சட்டத்தை முதலில் பார்க்கச் சொல்வதற்கு இதைவிட எளிய காரணம் வேண்டியதில்லை.

ஸ்பானிய மருத்துவமனையில் கொடையாளியைப் பொருத்தும் முறையைக் கிட்டத்தில் பார்க்கலாம். சிகிச்சைக்கு வருபவர் ஒரு படிவம் நிரப்புகிறார். உயரம், எடை, தோலின் நிறம், கண்ணின் நிறம், முடி சுருளா நேரா, ரத்த வகை. கூடவே ஒரு புகைப்படம். இவற்றை வைத்துக்கொண்டு, அவருக்கு இயன்றவரை ஒத்த தோற்றமுள்ள கொடையாளியை மருத்துவக் குழுவே தெரிவு செய்கிறது. பெறுபவர் தேர்ந்தெடுக்கச் சட்டம் விடாது, படமும் காட்டப்படாது. கடைசியில் அவர் கைக்கு வருவது கொடையாளியின் வயது, ரத்த வகை என்று ஒன்றிரண்டு விவரங்கள். பெயர் எந்நாளும் வராது. பிள்ளையின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து நேர்ந்தாலோ, குற்ற வழக்கு வந்தாலோ மட்டும் விதிவிலக்கு. அப்போதும் கிடைத்த விவரத்தை வெளியிட முடியாது. இத்தனை அடக்கமான ஏற்பாட்டைப் பலர் நிம்மதியாகவே வரவேற்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாலைந்து முறை தோற்றுப்போன பெண்ணுக்குத் தெரிவது எதிரில் இருக்கும் கரு ஒன்றுதான், இருபது ஆண்டு கழித்து வரப்போகும் கேள்வி அன்று கண்ணில் படாது. எனினும் அந்தக் கேள்வியைக் கேட்கப்போகிறவர் வேறொருவர் என்பதால், அவர் சார்பில் யாராவது அன்றைக்கே பேசியாக வேண்டும்.

சட்டம் பொருந்திய பிறகுதான் வெற்றி விகிதத்துக்கு வர வேண்டும். அங்கே கணக்கை நிதானமாகப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு மருத்துவமனையில் நூறு பெண்கள் ஊசி போடத் தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேருக்குச் சூலகம் சரியாக வேலை செய்யாமல் சுற்று பாதியில் நிற்கிறது. தொண்ணூறு பேரிடம் முட்டை எடுக்கிறார்கள். அவர்களில் எழுபத்தைந்து பேருக்குத்தான் கருப்பையில் வைக்கத் தகுந்த கரு கிடைக்கிறது. முப்பத்தெட்டுப் பேருக்கு ரத்தப் பரிசோதனை கர்ப்பம் என்று காட்டுகிறது. முப்பத்திரண்டு பேருக்கு ஸ்கேனில் இதயத் துடிப்பு தெரிகிறது. இருபத்தாறு பேர் குழந்தையோடு வீட்டுக்குப் போகிறார்கள். இந்த மருத்துவமனை “எங்கள் வெற்றி 51 விழுக்காடு” என்று எழுதினால் அது பொய்யில்லை. கரு வைத்த 75 பேரில் 38 பேருக்குக் கர்ப்பம் என்பது உண்மைதானே. “26 விழுக்காடு” என்று எழுதினாலும் உண்மை. வீட்டில் காத்திருக்கும் தம்பதிக்குத் தேவைப்படுவது இரண்டாவது எண். விளம்பரப் பலகைக்கு வருவது முதல் எண்.

இதிலும் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. தான முட்டைச் சுற்றுகளையும் சொந்த முட்டைச் சுற்றுகளையும் ஒன்றாகக் கூட்டிச் சொன்னால், 42 வயதுப் பெண்ணுக்கு அந்தச் சராசரியில் எந்தப் பொருளும் இல்லை. கடினமானவர்களைத் தொடக்கத்திலேயே தட்டிக்கழிக்கும் இடத்தின் விகிதம், எல்லாரையும் ஏற்றுக்கொள்ளும் இடத்தின் விகிதத்தைவிடத் தானாகவே உயர்ந்து நிற்கும். அமெரிக்காவில் மருத்துவமனை வாரியாக விகிதங்களை அரசுக்கு அறிவிக்க 1992லேயே சட்டம் இயற்றினார்கள். பிரிட்டிஷ் ஆணையமும் ஒவ்வொரு மருத்துவமனையின் எண்களையும் ஒரே அளவுகோலில் வெளியிடுகிறது. இப்படிப் பொது அமைப்பு சரிபார்த்த எண் இல்லாத நாட்டில், மருத்துவமனை தானே சொல்லும் எண்ணை வைத்து இரண்டு நாடுகளை ஒப்பிடவே முடியாது. என் வயதில், என் முட்டையோடு, சிகிச்சை தொடங்கியவர்களில் எத்தனை பேருக்கு உயிருடன் குழந்தை பிறந்தது என்று எழுத்தில் கேட்பதே செய்யக்கூடியது. அதற்கு நேர்ப் பதில் தர மறுக்கும் இடத்தை நான் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொல்வேன்.

எத்தனை கரு வைக்கிறார்கள் என்பதும் விகிதத்தோடு பின்னிக் கிடக்கிறது. இரண்டு மூன்று வைத்தால் கர்ப்பமாகும் வாய்ப்பு கூடும், விளம்பர எண்ணும் உயரும். அதன் விலையை இரட்டைக் கர்ப்பத்தைச் சுமக்கும் தாயும், குறைமாதத்தில் பிறந்து இன்குபேட்டரில் கிடக்கும் சிசுக்களும் கொடுக்கிறார்கள். ஸ்வீடன் 2003லேயே ஒற்றைக் கருவைப் பொது விதியாக்கியது. பிரிட்டனில் 1990களில் ஐவிஎஃப் பிரசவங்களில் கால் பங்குக்கு மேல் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. ஒற்றைக் கரு இயக்கத்தால் இன்று அது பத்தில் ஒன்றுக்கும் வெகுவாகக் கீழே இறங்கியிருக்கிறது. ஸ்பானியச் சட்டம் மூன்று வரை அனுமதிக்கிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையின் கருவிலுள்ள சிசுக்களுக்கான மருத்துவப் பிரிவுக்கு வந்த, மூன்றும் அதற்கு மேலும் சுமந்த தாய்மாரைப் பற்றி 2009இல் வெளிவந்த ஆய்வில், ஏறக்குறைய நான்கில் ஒருவர் வெளிநாட்டில் சிகிச்சை பெற்றுத் திரும்பியவராக இருந்தார். கரு வைத்த மருத்துவர் ஒரு நாட்டில், பிரசவம் பார்க்கும் மருத்துவர் இன்னொரு நாட்டில். நடுவில் நேரும் எதற்கும் யார் பொறுப்பு என்பது யாரும் எழுதிக்கொடுக்காத ஒன்றாகவே இருந்துவிடுகிறது. சூலகம் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு வயிறு வீங்கி, மூச்சு முட்டி, ரத்தம் உறையும் நிலைகூட வரலாம். கர்ப்பம் தரித்த பெண்ணுக்கு அந்தச் சிக்கல் பெரும்பாலும் முட்டை எடுத்து ஒன்றரை வாரம் கழித்துத்தான் தலைகாட்டும். அப்போது அவள் ஊர் திரும்பியிருப்பாள். ஊர் மருத்துவருக்கு என்ன மருந்து, எந்த அளவு, எந்தத் தேதி என்ற தாள் கையில் இருந்தாக வேண்டும்.

கூடுதல் சிகிச்சைகள் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கருப்பையின் உட்சுவரைக் கீறிவிட்டால் கரு ஒட்டும் என்று பல நாடுகளில் தனிக் கட்டணம் வாங்கினார்கள். 1,364 பெண்களிடம் நடந்து 2019இல் வெளியான சோதனையில், கீறியவர்களுக்கும் கீறாதவர்களுக்கும் குழந்தை பிறந்த விகிதம் ஒன்றுதான்: 26.1 விழுக்காடு. பேக்கேஜில் சேர்த்திருக்கும் ஒவ்வொரு வரிக்கும், இது எந்தச் சோதனையில் தேறியது என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

கருமுட்டை கொடுக்கும் பெண்ணைப் பற்றி இந்தத் துறையில் பேசுவது குறைவு. பெறுபவருக்கு மாத்திரைகள் போதும். கொடுப்பவருக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி, ஸ்கேன் மேல் ஸ்கேன், கடைசியில் மயக்க மருந்து கொடுத்து ஊசி வழியாக முட்டையை உறிஞ்சி எடுப்பது. பிரிட்டனில் இதற்கான ஈட்டுத்தொகை 2024 அக்டோபரிலிருந்து ஒரு முறைக்கு 985 பவுண்டு வரை. ஸ்பெயினில் ஆயிரம் யூரோவை ஒட்டிய தொகை. சட்டத்தின் கண்ணில் இது விலை இல்லை, அலைச்சலுக்கும் வேதனைக்குமான ஈடு. ஆனால் அதே ஆயிரம் யூரோ, நல்ல வேலையில் இருக்கும் பெண்ணுக்கு ஒன்றாகவும், வேலையற்ற மாணவிக்கு வேறாகவும் தெரியும். 2023 ஆகஸ்டில் கிரேக்கத்தின் கிரீட் தீவில், சானியா நகரின் மருத்துவமனை ஒன்றைப் போலீசார் சோதனையிட்டார்கள். ஏழை நாடுகளின் பெண்களை முட்டைக்காகவும் வாடகைத் தாய்மைக்காகவும் சுரண்டியதாகவும், கரு வைக்காமலேயே வைத்ததாக நடித்ததாகவும் குற்றச்சாட்டு. அங்கே உறையவைத்த தங்கள் கருக்களுக்கு என்ன ஆகுமோ என்று ஆஸ்திரேலியா உள்ளிட்ட நாடுகளின் தம்பதியர் தவித்தார்கள்.

இதைத் தூரத்து ஊர்ச் செய்தியாக நாம் படித்துவிட்டுப் போக முடியாது. 2022 ஜூனில் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் ஆதார் அட்டையில் வயதை மாற்றிப் பலமுறை கருமுட்டை எடுக்கவைத்தது வெளிப்பட்டது. கைதானவர்களில் அவளுடைய தாயும் ஒருவர். இந்தியாவின் இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் அதற்கு ஐந்து மாதம் முன்புதான் நடைமுறைக்கு வந்திருந்தது. அச்சட்டப்படி 23 முதல் 35 வயது வரை உள்ள பெண்தான் முட்டை கொடுக்கலாம், அதுவும் வாழ்நாளில் ஒரே ஒரு முறை, ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது. அவளுக்கு 12 மாதக் காப்பீட்டைச் சிகிச்சை பெறுபவர் எடுத்துத்தர வேண்டும்.

லண்டனிலும் ஆஸ்லோவிலும் வாழும் தமிழ்த் தம்பதியருக்கு இது நேரடியாகத் தொடர்புள்ள செய்தி. ஐரோப்பியக் கொடையாளிகளிடையே தெற்காசியத் தோற்றமுள்ளவர்கள் மிகக் குறைவு. தன்னைப் போன்ற முகமுள்ள பிள்ளையை விரும்புகிறவருக்குச் சென்னை இயல்பான தேர்வாகத் தெரிகிறது. மொழி தெரிந்த டாக்டர், கூட இருக்க அம்மா, பழகிய சாப்பாடு. இவையெல்லாம் சிறிய விஷயங்கள் இல்லை. ஆனால் இரண்டு சட்டங்கள் இங்கே மோதுகின்றன. இந்தியாவில் உறையவைத்த கருவை வெளியே கொண்டுபோகத் தேசிய வாரியத்தின் அனுமதி வேண்டும். அது கிடைத்தாலும், அடையாளம் வெளியிடச் சம்மதிக்காத கொடையாளியின் முட்டையில் உருவான கருவைப் பிரிட்டிஷ் மருத்துவமனைக்கு எடுத்துச்செல்ல அங்குள்ள விதி பொதுவாக இடம் தருவதில்லை. முதல் முயற்சி தோற்று நாலு கரு மிஞ்சியிருந்தால், ஒவ்வொரு முறையும் சென்னைக்கே வர வேண்டும். ஸ்பெயினில் கருவை உறையவைத்த பிரிட்டிஷ் பெண்ணுக்கும் இதே நிலைதான். முதல் சந்திப்பிலேயே கேட்க வேண்டிய கேள்வி இது. பலர் இதைக் கேட்பது மூன்றாவது பயணத்துக்கு விடுப்புக் கிடைக்காதபோதுதான்.

எல்லை தாண்டும்போது எண்ணிக்கை வரம்புகளும் சிதறிப்போகின்றன. பிரிட்டனில் ஒரு கொடையாளி மூலம் பத்துக் குடும்பங்கள், பெல்ஜியத்தில் ஆறு பெண்கள், ஸ்பெயினில் ஆறு குழந்தைகள் என்று ஒவ்வொரு நாடும் தன் எல்லைக்குள் வரம்பு வைத்திருக்கிறது. எல்லா நாடுகளையும் சேர்த்துக் கணக்கெடுக்கும் வரம்பு எங்கும் இல்லை. 2025 மே மாதம் மிலானில் நடந்த மரபியல் மாநாட்டில், பிரான்ஸின் ரூவான் மருத்துவமனையைச் சேர்ந்த எத்விஜ் காஸ்பர் ஒரு செய்தியை வெளியிட்டார். புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் டிபி53 மரபணு மாற்றம் விந்தணுக்களில் ஒரு பகுதியில் மட்டும் இருந்த ஒரு கொடையாளி மூலம், எட்டு நாடுகளில் குறைந்தது 67 பிள்ளைகள் பிறந்திருந்தார்கள். 23 பேரிடம் அந்த மாற்றம் இருந்தது, பத்துப் பேருக்குப் புற்றுநோய் கண்டிருந்தது. பின்னர் அந்தப் பிள்ளைகளின் எண்ணிக்கை இன்னும் பெரிது என்று தெரியவந்தது. கொடையாளிக்கே தன் உடலில் இருந்தது தெரியாது. அன்றைய வழக்கமான பரிசோதனைகளில் இது சிக்கியிருக்காது. ஒரு வீட்டில் பிள்ளைக்கு நோய் வந்தபோது மற்ற எல்லா வீடுகளுக்கும் சொல்லியாக வேண்டியிருந்தது. அப்படித் தேடிப் போக முகவரி வேண்டும், சிகிச்சைப் பதிவேடு வேண்டும். இருபது ஆண்டுக்கு முன் மூன்று நாள் தங்கிப் போன அயல்நாட்டுப் பெண்ணின் பதிவேட்டில் பல வேளைகளில் இருப்பது, மாறிப்போன ஒரு தொலைபேசி எண். கொடையாளியின் குறியீட்டு எண்ணையும் சிகிச்சை அறிக்கையையும் கேட்டு வாங்கி வீட்டில் பத்திரப்படுத்த வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

ரகசியத்தை நம்பியும் இனிப் பயனில்லை. எச்சிலை ஒரு குழாயில் துப்பி அனுப்பினால் உறவினர் பட்டியல் வருகிற காலம் இது. கொடையாளி பரிசோதனை செய்துகொள்ளாவிட்டாலும், அவருடைய ஒன்றுவிட்ட தங்கை செய்துகொண்டால் போதும். ஸ்பெயினை ஒட்டிய போர்ச்சுகலில் 2018 ஏப்ரலில் அரசியல் சாசன நீதிமன்றம், கொடையாளியின் அடையாளத்தை மறைப்பது பிள்ளையின் உரிமைக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. அங்கே பிறப்பவர் 18 வயதில் கொடையாளியின் பெயரைக் கேட்டுப் பெறலாம். மாட்ரிட்டில் சிகிச்சை பெற்ற தாயின் பிள்ளைக்கு அந்த வழி இல்லை. லண்டனிலிருந்து இரண்டு நாடுகளுக்கும் விமானம் போக ஏறத்தாழ இரண்டரை மணி நேரம்தான்.